இழுத்தாக் கிழியும்

மாமாட வலை போன கிழமை கப்பல்ல சிக்கிட்டு. மட்டக்களப்புக் கடல்ல கப்பல் எண்டா எங்கட வீட்ட ஒண்டுதான், 1942 ஏப்ரல் 9 யப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாட்ட ஹேர்மஸ், பிரிட்டிஷ் கடற்படைட விமானந்தாங்கிக் கப்பல், முந்நூறு பேருக்கு மேல அதோட போனாங்க, 50 மீட்டருக்குக் கூடின ஆழத்தில இன்னும் அப்பிடியே கிடக்கு. மீனும் அதுலதான் கூடும் வலையும் அதுலதான் சிக்கும். மாமா பாலமீன்மடுவில இருந்து முப்பது வருசமாத் தொழிலுக்குப் போறவர், அந்த இடம் தெரியாத ஆள் இல்ல, அண்டைக்கு நீரோட்டம் கொண்டு போய்ப் போட்டுட்டு.

நான் காலம ஒன்பது மணிக்கு முகத்துவாரத்துக்குப் போகக்குள்ள மணல்ல குந்தி இரிந்து மிச்ச வலையப் பாத்துக்கொண்டு இரிக்கார். கூடப் போன பொடியன் அவசரப்பட்டு எஞ்சினக் கூட்டி இழுத்திரிக்கான், வலை நடுவால கிழிஞ்சு பாதிக்கு மேல கீழ போயிட்டு. "சிக்கினா இழுக்கப்படாது புள்ள, இழுத்தாக் கிழியும். கிறுகிப் போய் மற்றப் பக்கத்தால மெல்ல மெல்லக் கழட்டோணும், ஏலாட்டி அறுத்து விடோணும். அறுத்தா ஒரு துண்டு, இழுத்தா நாலு துண்டு" எண்டார். காசு போனது ஒரு கவலைதான், அதவிடப் பெரிய கவலை அவருக்குக் கீழ கிடக்குற துண்டு. தங்கூசி எண்ட நைலோன் நூல் உக்காது. ஆரும் இல்லாமலே அது மீன் பிடிச்சுக்கொண்டு இரிக்கும், பிடிபட்டது அழுகும், அதத் தின்ன வாறதும் சிக்கும், ஆமையும் சிக்கும், இப்பிடியே வருசக்கணக்குல போகும்.

இந்தக் கதைய ஏன் சொல்றன் எண்டா, நான் கல்லடியில உயர்தரப் பிள்ளைகளுக்கு பௌதிகவியல் படிப்பிக்கிறன், சுற்றுப்பாதை பாடம் வாற நேரம் எல்லாம் பிள்ளைகளுக்கு விண்வெளிக் குப்பையப் பத்தி, மேல சும்மா சுத்துற செத்த சட்டலைட்டுகள், உடைஞ்ச துண்டுகளப் பத்தி, ஒரு நாளாவது கதைக்கிறது என்ட பழக்கம், அண்டைக்கு மாமா சொன்ன அந்த ஒரு வசனம் நான் இவ்வளவு நாளும் அரைமணித்தியாலம் எடுத்து விளங்கப்படுத்தினத அப்பிடியே சொல்லிட்டு. அதுக்கு முன்னயும் ஒரு நாள் அவர் கேட்டிரிக்கார். ராவுல கடல்ல நிக்கக்குள்ள மாலை கோத்த மாதிரி வரிசையா வெளிச்சம் போனதாம், அது இன்டர்நெட் குடுக்குற ஸ்டார்லிங்க் சட்டலைட்டுகள், ஏவின கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போகும் எண்டு சொன்னன், இஞ்சயும் 2025 ஜூலையில அந்தச் சேவை தொடங்கினதயும் சொன்னன். அவர் அதெல்லாம் கேக்கல்ல. "இதெல்லாம் பழுதாப் போனா ஆரு இறக்குறது?" எண்டு மட்டும் கேட்டார்.

முதல்ல வேகத்தச் சொல்லோணும். பூமிக்குக் கிட்டச் சுத்துறதுகள் செக்கனுக்கு 7 கிலோமீட்டருக்கு மேல போகுது. பஸ்ஸில மட்டக்களப்பில இருந்து கல்முனைக்குப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், இதுக்கு 5, 6 செக்கன். கொழும்புக்கு முக்கா நிமிசம். அந்த வேகத்துல எதிரும் புதிருமா ரெண்டு வந்தா ஒரு செண்டிமீட்டர்த் துண்டே ஒரு சட்டலைட்ட முடிச்சுப் போடும். அப்பிடி ஒரு செண்டிமீட்டருக்கு மேல உள்ள துண்டு மட்டும் பத்து லட்சத்துக்குக் கூட மேல சுத்துது எண்டு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் கணக்குச் சொல்லுது. அதுல ஆகக் கூடினது கண்காணிக்கவே ஏலாத அளவுக்குச் சின்னன்.

2009 பெப்ரவரி 10 சைபீரியாவுக்கு மேல கிட்டத்தட்ட 790 கிலோமீட்டர் உயரத்தில அமெரிக்காட இரிடியம் 33 எண்ட வேலை செய்யுற சட்டலைட்டும் ரஷ்யாட கொஸ்மோஸ் 2251 எண்ட செத்த சட்டலைட்டும் மோதிச்சு. அண்டைக்கு இருந்த ஒரு கணக்குப்படி ரெண்டும் 584 மீட்டர் தள்ளிப் போகோணும். போகல்ல. ரெண்டாயிரத்துக்கு மேல துண்டு. இத நான் வகுப்புல சொல்லக்குள்ள பிள்ளைகள் கேக்குற முதல் கேள்வி ஆர்ட பிழை எண்டதுதான், ஆனா எனக்கு முக்கியமாப் படுறது வேற, அதுல ஒண்டு 1990களில இருந்தே செத்துப் போய் ஒருத்தரும் கொன்ட்ரோல் பண்ண ஏலாமச் சுத்தினது, அத முன்னமே இறக்கி இருந்தா ரெண்டாயிரம் துண்டு இல்ல, ஒரே ஒரு துண்டு. முழுசா இரிக்கக்குள்ள எடுக்கோணும். உடைஞ்ச பொறகு பொறுக்க ஏலாது. இதுதான் முழு விசயத்துடயும் அடி.

இதக் கண்டு சொன்னது நேற்று இல்ல. 1978ல நாசாவில வேலை செய்த டொனால்ட் கெஸ்லர் இன்னொராளோட சேந்து ஒரு கட்டுரை எழுதினார், சட்டலைட்டுகள் கூடக் கூட ஒண்டோட ஒண்டு மோதும், மோதின துண்டு மற்றதுல மோதும், ஒரு கட்டத்துக்குப் பொறகு நாம புதுசா ஒண்டும் அனுப்பாட்டியும் துண்டு தன்பாட்டுல கூடிக்கொண்டே போகும் எண்டு. அதே 1978 ஜனவரியிலதான் அணுஉலை வச்ச சோவியத் சட்டலைட் கொஸ்மோஸ் 954 கனடாவில விழுந்தது. மறுகா அதே வருசம் நவம்பர் 23 ராவு எங்கட சூறாவளி. எங்கட ஊருல 78 எண்டா ஆரும் வேற ஒண்டயும் நினைக்க மாட்டாங்க. அம்மம்மா சொல்லுவா, காத்து நிண்டிட்டு எண்டு வெளிய வந்த ஆக்கள மற்றப் பக்கத்தால மறுகா வந்த காத்து கொண்டு போயிட்டு எண்டு. சூறாவளிட கண் மேலால போகக்குள்ள அப்பிடித்தான் கொஞ்ச நேரம் அடங்கும், இண்டைக்கு ஒரு சின்னப்பிள்ளையும் போன்ல அந்தக் கண்ணப் பாத்து இப்ப எங்க நிக்குது எண்டு சொல்லும். அண்டைக்கு அம்மம்மாக்கு அது தெரியாது. ஆயிரம் பேருக்குக் கிட்டச் செத்தாங்க.

அதுதான் எனக்கு 2007ல நடந்தத நினைச்சா இண்டைக்கும் கோவம் வருது. ஜனவரி 11 சீனா தன்ட பழைய சட்டலைட் ஒண்ட ஏவுகணையால அடிச்சு உடைச்சுப் பாத்தது, 865 கிலோமீட்டர் உயரத்தில, மூவாயிரத்துக்கு மேல துண்டு, அதுல நிறைய இன்னும் மேல இரிக்கு. உடைச்சது என்ன எண்டா ஃபெங்யுன் 1சி, ஒரு காலநிலைச் சட்டலைட். துருவத்துக்கு மேலால சுத்துற காலநிலைச் சட்டலைட்டுகள் பலதும் ஓடுறது அந்த 800 கிலோமீட்டரச் சுத்தித்தான், அண்டைக்கு உடைச்ச துண்டு சுத்துறதும் அதுக்குள்ளதான். புயல் வருது, கடலுக்குப் போகாதீங்க எண்டு மாமாட போனுக்கு மெசேஜ் வாறது எங்கயோ ஒரு ஒபிஸில இருந்து எண்டு நாம நினைக்கிறம், அதுக்கு முதல் அது மேல இருந்துதான் வருது. ரொக்கட் விடுற நாடுகள்ட பிரச்சினை எண்டு இத நாம விட ஏலாது.

இந்தியாவும் 2019 மார்ச் 27 அடிச்சுப் பாத்தது, வங்காள விரிகுடாவில அப்துல் கலாம் தீவுல இருந்து, எங்கட கடல்ட மற்றக் கரைதான். 300 கிலோமீட்டருக்குக் கிட்ட தாழச் செய்தபடியா துண்டு கெதியா விழுந்து எரியும் எண்டாங்க, கூடுதலானது அப்பிடித்தான் போனது, ஆனா கொஞ்சம் விண்வெளி நிலையத்தையும் தாண்டி மேல எறியப்பட்டிட்டு. 2021 நவம்பர் 15 ரஷ்யா. அண்டைக்கு விண்வெளி நிலையத்தில இருந்தவங்க தங்கட விண்கலத்துக்குள்ள போய்ப் பதுங்கினாங்க, அதுல ரஷ்ய ஆக்களும் இருந்தாங்க.

உயரம்தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. எங்கட நாட்டுட முதல் சட்டலைட் ராவணா 1, ஒரு கிலோ சொச்சம் பாரம், உள்ளங்கையில வைக்கலாம், 2019 ஜூனில விண்வெளி நிலையத்தில இருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில விட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு மேல சுத்திப் போட்டு 2021ல தானா இறங்கி எரிஞ்சு போயிட்டு. அந்த உயரத்தில காத்து எண்டு சொல்ல ஏலாத அளவுக்கு மெல்லிசாக் காத்து இரிக்கு, அது பிடிச்சு இழுத்து இறக்கும். 800க்குப் போனா அந்த இழுவை மிச்சம் குறைவு. ஐரோப்பாட என்விசாட் எண்ட சட்டலைட் 8 தொன், 2012 ஏப்ரல் 8 திடீரெண்டு பேச்சு நிண்டிட்டு, அது இன்னும் நூறு வருசத்துக்கு மேல அங்கதான் சுத்தும். 1958ல அமெரிக்கா அனுப்பின வன்கார்ட் 1 எண்ட சட்டலைட் இன்னும் சுத்துது, ஒன்றரைக் கிலோதான், அத அனுப்பின காலத்து ஆக்கள் பலர் இல்ல.

அப்ப மாமாட கேள்விக்கு வாறன், ஆரு இறக்குறது, எப்பிடி இறக்குறது. அவருக்குப் பிடிச்ச பதில் வலைதான். 2018 செப்டம்பரில ரிமூவ்டெப்ரிஸ் எண்ட பரிசோதனைச் சட்டலைட், பிரித்தானியாட சரே பல்கலைக்கழகம் முன்னிண்டு செய்தது, விண்வெளியில உண்மையாவே ஒரு வலை வீசினது. தானே ஒரு சின்னப் பெட்டிய வெளிய விட்டு, அது தள்ளிப் போகக்குள்ள வலைய எறிஞ்சு சுத்திப் பிடிச்சது. 2019 பெப்ரவரியில மண்டா மாதிரி ஒண்ட எறிஞ்சு ஒரு தகட்டக் குத்தினது. வீடியோ இரிக்கு, மாமாக்குப் போட்டுக் காட்டினன், மூண்டு தரம் பாத்தார். பாத்துப் போட்டு அவர் கேட்டது சரியான கேள்வி, "பிடிச்ச பொறகு கயித்த ஆரு பிடிச்சிரிக்கா?" அந்த வலைப் பரிசோதனையில கயிறு இல்ல, பிடிச்சது மட்டும்தான். கஸ்டம் தொடங்குறதே அதுக்குப் பொறகுதான். செத்த சட்டலைட் சும்மா மிதக்குறது இல்ல, கரணம் அடிச்சுக்கொண்டு சுழலும். கயித்தக் கட்டினா அந்தச் சுழற்சி பிடிச்சவனையும் சேத்துச் சுத்தும், கயிறு தொய்ஞ்சு மறுகா வெடுக்கெண்டு இழுபட்டா முட்டிக்கொள்ளும், இருபது முப்பது வருசம் வெயிலும் குளிருமாக் கிடந்த சோலார் தகடு தொட்டாலே உடையும். சிலதுக்குள்ள எரிபொருள் மிச்சம் இரிக்கு, பற்றரி இரிக்கு. குத்துற இடம் பிழைச்சா ஒரு பெரிய குப்பைய ஆயிரம் சின்னக் குப்பையா மாத்திட்டு வரலாம்.

அதாலதான் இப்ப செய்யுறவங்க அவ்வளவு மெதுவாச் செய்யுறாங்க. யப்பான்ட அஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் 2021ல எல்சா டி எண்டு ரெண்டு சட்டலைட் சேத்து அனுப்பினது, காந்தத்தால ஒண்ட விட்டு மறுகா பிடிக்கிறதுக்கு. ஓகஸ்டில ஒரு தரம் பிடிச்சாங்க. 2022 ஜனவரியில தானா ஓடிப் பிடிக்கிற பரிசோதனைய நடுவுல நிப்பாட்டிப் போட்டாங்க, சின்னச் சின்ன உந்து எஞ்சின் சிலது வேலை செய்யல்ல, அப்பிடியே போறது பாதுகாப்பில்ல எண்டு. நான் அந்த நிப்பாட்டினதத்தான் பெரிசா மதிக்கிறன். மறுகா 2024 பெப்ரவரியில அட்ராஸ் ஜே எண்டு ஒண்டு அனுப்பினாங்க, 2009ல விட்ட யப்பான் ரொக்கட் ஒண்டுட மேல்பகுதியத் தேடி, 11 மீட்டர் நீளம், 3 தொன். தொடுறதுக்கு இல்ல. போய்ச் சுத்திப் பாக்குறதுக்கு மட்டும். மாதக்கணக்கா மெல்ல மெல்லக் கிட்டப் போய் நவம்பரில 15 மீட்டர் வரைக்கும் போனாங்க, படம் எடுத்தாங்க, எங்க பிடிக்கலாம் எண்டு பாத்தாங்க. கிறுகிப் போய் மற்றப் பக்கத்தால பாக்குறது எண்டது இதுதான். பிடிக்கிறதுக்கு வேற ஒண்டு பொறகு போகும்.

ஐரோப்பாட கதை மனதக் கஸ்டப்படுத்தும். கிளியர்ஸ்பேஸ் 1 எண்ட திட்டத்துக்கு அவங்க தெரிஞ்சு வச்சது 2013ல அனுப்பின ரொக்கட்டுட ஒரு பகுதி, வெஸ்பா எண்டு பேர், 112 கிலோ, நல்ல உறுதி, வடிவமும் பிடிக்க லேசு. அதப் பிடிக்க ஆயத்தம் நடக்கக்குள்ளயே 2023 ஓகஸ்டில அதுக்குக் கிட்டப் புதுசாத் துண்டுகள் தெரிஞ்சது, வேற ஏதோ சின்னக் குப்பை வந்து அதுல மோதி இரிக்கோணும் எண்டு கணிச்சாங்க. துப்புரவாக்கப் போற சாமானையே குப்பை அடிச்சுப் போட்டுது. பொறகு இலக்க மாத்தினாங்க. மாமாக்கு இதச் சொல்லக்குள்ள அவர் ஒண்டும் கதைக்கல்ல, கிழிஞ்ச வலையக் கையில சுத்திக்கொண்டு இருந்தார்.

இன்னொரு முடிச்சு இரிக்கு, அது பௌதிகவியல் இல்ல. ஹேர்மஸ் கப்பல் எங்கட கரைக்குக் கிட்டத்தான் கிடக்கு, எங்கட ஆக்கள்ட வலைய எண்பது வருசமாக் கிழிக்குது, ஆனா அது பிரித்தானியாட கப்பல், அவங்கட வீரர்கள்ட கல்லறை, ஆரும் போய் வெட்டி எடுக்க ஏலாது, எடுக்கவும் கூடாது. மேலயும் அப்பிடித்தான். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி ஒரு நாடு அனுப்பின சாமான் செத்தாலும் உடைஞ்சாலும் அந்த நாட்டுடதுதான். கடல்ல விட்டுட்டுப் போன கப்பல மீட்டு எடுத்தாக் கூலி கேக்கலாம், மேல அந்தச் சட்டம் இல்ல. ஆகப் பெரிய ஆபத்து எண்டு ஆராய்ச்சிக்காரர் காட்டுறது சோவியத் காலத்தில இருந்து விட்ட செனித் ரொக்கட்டுட மேல்பகுதிகள், ஒண்டொண்டும் 9 தொன் அளவு, 840 கிலோமீட்டர் பக்கம் கூட்டமாச் சுத்துது. அதுல ஒண்ட யப்பானோ ஐரோப்பாவோ இறக்கோணும் எண்டா ரஷ்யாட்ட கேக்கோணும். இண்டைக்கு இரிக்குற நிலமையில ஆர் கேக்குறது, ஆர் குடுக்குறது.

குடுக்க ஏன் பயம் எண்டதையும் சொல்லோணும். செத்த சட்டலைட்டப் பிடிக்கத் தெரிஞ்ச கை உயிரோட இரிக்குறதயும் பிடிக்கும். 2022 ஜனவரியில சீனாட ஷிஜியான் 21 தங்கட செத்த பெய்டோ எண்ட வழிகாட்டிச் சட்டலைட் ஒண்டப் பிடிச்சு 36,000 கிலோமீட்டர்ப் பாதையில இருந்து இன்னும் மேல கொண்டு போய் விட்டுட்டு வந்தது. வேலை எண்டு பாத்தா அருமையான வேலை. ஆனா முன்கூட்டி விபரம் சொல்லிச் செய்யல்ல, வெளி ஆக்கள் தொலைநோக்கியால பாத்துத்தான் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்கக் கம்பனி ஒண்டு 2020 பெப்ரவரியில இன்டெல்சாட் 901 எண்ட பழைய சட்டலைட்டில போய்ப் பொருத்திக்கொண்டு அதுக்கு ஆயுள் கூட்டினது, அது எல்லாருக்கும் சொல்லித்தான் நடந்தது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தொழில்நுட்பம். வித்தியாசம் சொன்னதிலயும் சொல்லாததிலயும்தான் இரிக்கு. சந்தேகத்தில ஒருத்தன் தன்ட சட்டலைட்டுக்குக் கிட்ட வாற துப்புரவுக்காரன அடிச்சான் எண்டா அடுத்த 2007 அதுதான். அதால எனக்கு ஒரே ஒரு பிடிவாதம், இந்த வேலைக்குப் போற எந்தக் கலமும் எப்ப புறப்படுது, எதுக்குக் கிட்டப் போகுது, எவ்வளவு கிட்ட, எந்த நாள், எல்லாம் முன்னமே உலகத்துக்குச் சொல்லிப் போட்டுத்தான் அசையோணும். ரொக்கட் விடுற அஞ்சாறு நாட்டுக்குள்ள மட்டும் சொன்னாப் போதாது. ஒரு கிலோச் சட்டலைட் விட்ட நாட்டுக்கும், ஒண்டுமே விடாத நாட்டுக்கும் சொல்லோணும்.

ஏனெண்டா இறக்குறது எங்கயாவது இறங்கோணும். 2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்ன, எங்கட நாட்டுட தெற்குக் கரைக்கு அப்பால ஒரு விண்வெளிக் குப்பை வந்து எரிஞ்சது, சந்திரப் பயணம் ஒண்டுட மிச்சம் எண்டு பொறகு கணிச்சாங்க. அது வாற நாளும் நேரமும் முன்னமே தெரிஞ்சபடியா விமானத்தில போய் நிண்டு படமே எடுத்தாங்க. 2024 மார்ச்சில விண்வெளி நிலையத்துப் பழைய பற்றரிகளோட விட்டதுல இருந்து 700 கிராம் உலோகத்துண்டு ஒண்டு எரியாம வந்து அமெரிக்காவில ஒரு வீட்டுக் கூரையத் துளைச்சது. அதே வருசம் டிசம்பர் 30 கென்யாவில முகுகு எண்ட கிராமத்தில 500 கிலோ வளையம் ஒண்டு. எரிஞ்சாலும் முழுக்க இல்லாமப் போறது இல்ல, சட்டலைட்டுட அலுமினியம் மேல் வளிமண்டலத்தில தூளாத் தங்குது, அது ஓசோனுக்கு என்ன செய்யும் எண்டு இப்பதான் விஞ்ஞானிகள் துருவத் தொடங்கி இரிக்காங்க. இந்தியா 2023 மார்ச் 7 மேகா ட்ரொபிக்ஸ் சட்டலைட்ட மிச்ச எரிபொருள வச்சே திட்டம் போட்டுப் பசுபிக் கடலுக்கு மேல இறக்கினது, அப்பிடி இறக்குறதுக்கு முதல்ல இருந்து அமைக்காத சட்டலைட் அது, எண்டாலும் இறக்கினாங்க. அந்த வேலைக்குத்தான் கை தட்டோணும்.

அண்டைக்கு மத்தியானம் மட்டும் நான் மாமாவோட இருந்தன். கப்பலுக்குள்ள கிடக்குற துண்ட எடுக்க ஏலுமா எண்டு கேட்டன். சுழியோடிப் பொடியங்கள் இரிக்காங்க, ஆனா அந்த ஆழத்துக்கு வலைக்குள்ள விட்டு ஆளச் சாகக் குடுக்கேலாது, கடல் தெளிஞ்சு நீரோட்டம் குறையுற நாள் ஒண்டு பாத்துத்தான் யோசிக்கோணும் எண்டார். மறுகா போட்டுக்குள்ள இருந்த ஜிபிஎஸ்ஸ எடுத்து இடத்த ஒரு கொப்பித் தாளில எழுதினார். போன எடுத்து ஒராள் ஒராளா அடிக்கத் தொடங்கினார், கல்லடி, நாவலடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி. என்ட வலை இன்ன இடத்தில கிடக்கு, இவ்வளவு நீளம், அந்தப் பக்கம் போடாதீங்க, இழுபட்டா மெல்ல விடுங்க.

கடைசியா ஒராளுக்கு அடிக்க முதல் கொஞ்ச நேரம் போனப் பாத்துக்கொண்டு இருந்தார். ரெண்டு வருசத்துக்கு முன்ன வலை போட்ட இடத்தில வந்த சண்டை, அண்டையில இருந்து ரெண்டு பேருக்கும் கதை இல்ல, கோயில்ல கண்டாலும் முகத்தத் திருப்புறது. அடிச்சார். எடுக்கல்ல. மறுகா அடிச்சார். அந்தப் பக்கம் ஆள் எடுத்ததும் சுகம் ஒண்டும் கேக்கல்ல, நேரா நம்பர வாசிச்சார், எழுதிட்டியா எண்டு கேட்டார், மறுகாலும் முதல்ல இருந்து வாசிச்சார்.